நாலாம் மாடியில் ஒரு விளக்கு

லிஃப்ட்டை நிறுத்தச் சொன்னதே அவள்தான். இப்போது நாலு மாடியையும் இருட்டில் மூச்சிரைக்க ஓடி ஏறுகிறவளும் அவள்தான். சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

கைப்பிடியைத் தடவித் தடவி இரண்டாம் மாடி தாண்டினாள். கீழே பின்பக்க முற்றத்தில் மின்வாரியத்து ஆள், வாயில் விசிலோடு அண்ணாந்து நிற்கிறான். பக்கத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர். மொத்தக் கட்டடமும் தார் பூசியதுபோல் இருட்டி நிற்க, நாலாம் மாடியில் ஒரே ஒரு சமையலறை ஜன்னல் மட்டும் மஞ்சளாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்க வீடு. ஏசி மெக்கானிக்கின் வீடு.

"கால் மணிக்குள்ள அது அணையணும்மா. இல்லேன்னா உங்க கட்டடம் ஒத்துக்கலன்னுதான் எழுதிட்டுப் போவேன்" என்று வாரியத்து ஆள் சொல்லிவிட்டான். அதில் பாதி நேரம் ஓடிப்போயிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்?

அவளைக் கட்டடத்தில் எல்லோரும் போன் அக்கா என்பார்கள். ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'மூச்சு இருக்கா, எந்தத் தெரு, பக்கத்துல என்ன அடையாளம்' என்று கேட்கிற வேலை. போன கோடையில் அந்த போன் ஓயவே இல்லை. பெரும்பாலும் பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து. எல்லாம் தகரக் கூரை வீடுகள். ஒருத்தி மட்டும் ஆம்புலன்ஸ் கேட்கவில்லை. வீட்டில் தனியாக இருப்பதாகவும், தலை சுற்றுவதாகவும், கொஞ்ச நேரம் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றும் சொன்னாள். போன் அக்கா பேசினாள். வண்டி போய்ச் சேர்வதற்குள் மறுமுனையில் பேச்சு நின்றுவிட்டது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வாரியம் ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். கோடை முடியும்வரை மேட்டுக் கட்டடங்கள் சாயங்காலம் ஏழிலிருந்து ஒரு மணி நேரம் ஏசியையும் விளக்கையும் நிறுத்த வேண்டும். மிச்சமாகும் மின்சாரத்தில் பள்ளத்து ஜனங்கள் வந்து உட்கார ஏசி போட்ட ஒரு பெரிய குளிர்கூடம் ஓடும். ஒரு கட்டடத்துக்கு ஒரே லைன் என்பதால், எல்லா வீடும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. ஒரு வீடு முறுக்கிக்கொண்டாலும் கதை கந்தல்.

கதவு கதவாகத் தட்டினாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. எனக்குச் சம்மதம்தான், எதிர் வீட்டுக்காரர்தான் ஒத்துக்கமாட்டார் என்றார் ஒருவர். எதிர் வீட்டுக்காரரும் அதையே இவரைப் பார்த்துச் சொன்னார். நாம வியர்வையில் நனையும்போது பணக்காரன் தனி ஜெனரேட்டர் போட்டுக்கொள்வான் என்றாள் ஒருத்தி. முதலில் பூனைக்கு மணி கட்டப்போவது யார் என்றுதான் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துத் தாள் காலியாகவே திரும்பி வந்தது.

சங்கத் தலைவர் மட்டும் விதி பேசினார். அவர் எதற்கும் விதி பேசுவார். வாசலில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டியவரே அவர்தான். தனி ஆளுக்கு இங்கே வீடு கிடையாது. கணவரையும் கூட்டத்துக்கு அழைத்து வரலாமே என்று போன் அக்காவிடம் கேட்டார். அவருக்கு நைட் டூட்டி, பகலெல்லாம் தூக்கம் என்று அவள் வழக்கம்போலச் சொன்னாள்.

"நிலாவையாவது மாசத்துல பாதி நாள் பாக்க முடியுது. உங்க வீட்டுக்காரரை ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே" என்றான் ஏசி மெக்கானிக். கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கையெழுத்து வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சம்மதம் உள்ளவர்கள் விளக்கை அணைக்கட்டும். எதிர் வீடு இருட்டாவதை அவரவர் கண்ணால் பார்க்கட்டும். ஆள் அனுப்பிப் பார்த்து எழுதிக்கொள்கிறோம் என்று வாரியமும் ஒத்துக்கொண்டது. அது பலித்தது. சற்றுமுன் முற்றத்தில் நின்று பார்த்தபோது, முதலில் ஒரு ஜன்னல் அணைந்தது, பிறகு அதன் பக்கத்து வீடு, அப்புறம் மளமளவென்று மாடி மாடியாக இருட்டு ஏறியது.

ஒரு ஜன்னலைத் தவிர.

மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும். ஜனங்க ஏசி இல்லாம இருந்து பழகிட்டா என் பொழைப்புல மண்ணுதான் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னவன் அவன் ஒருவன்தான். நாலாம் மாடியில் இருப்பதே இரண்டு வீடு. படியேறி வந்தால் இடதுபக்கம் அவனுடையது, வலதுபக்கம் அவளுடையது. அவள் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. ஆறரைக்குக் கிளம்பும்போதே, செருப்பை மாட்டிக்கொண்டு, மெக்கானிக் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உள்ளே குரல் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்: "ஏழு மணியானா சமையக்கட்டு லைட்ட அணைச்சிடுங்க."

இடதுபக்கக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. மெக்கானிக் விசிறிக்கொண்டிருந்த பேப்பரோடு நின்றான். வியர்வை வாடை.

"லைட்ட அணைங்க தம்பி. உங்க கால்ல வேணா விழறேன்."

"எந்த லைட்டுக்கா? ஏழு மணியிலேர்ந்து நாங்க வெந்துட்டு உக்காந்திருக்கோம். எம் பொண்டாட்டி என்னைப் பாத்தே ரெண்டு தடவை யாருன்னு கேட்டுட்டா."

"கீழேர்ந்து பாத்தேன். இடதுபக்கம் எரியுது."

அவன் ஒரு கணம் யோசித்தான். ஏணி போட்டு எல்லா வீட்டின் பின்சுவரிலும் தொங்கி ஏசி மாட்டியவன். கட்டடத்தின் முதுகு அவனுக்கு மனப்பாடம்.

"பின்பக்கமா நின்னு பாத்தா இடம் வலமாத் தெரியும்க்கா. அது உங்க வீடு."

அவள் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். எத்தனை சாயங்காலம் வேலை முடிந்து வந்திருக்கிறாள்; எப்போதும் முன்வாசல் வழியாக. தன் வீட்டு விளக்கை வெளியிலிருந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சார் தூங்கிட்டாரு போல. இருங்க" என்று மெக்கானிக் தாண்டிப் போனான். வலதுபக்கக் கதவைப் படபடவென்று தட்டினான். "சார், லைட்டு! சார்!"

உள்ளே சத்தமில்லை. மறுபடி தட்டினான். வாசலில் கிடந்த ஆண் செருப்பு அவன் கால் இடறிக் குப்புற விழுந்தது. கீழ் மாடிகளில் ஆட்கள் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னாச்சு என்று தலைவரின் குரல் மேலேறி வந்தது.

"மயக்கம் கியக்கமாக்கா? கதவை உடைக்கட்டுமா?" மெக்கானிக் தோளைச் சாய்த்தே விட்டான்.

"வேணாம்."

சாவி அவள் இடுப்பில் இருந்தது. எடுத்தால் கதவு திறக்கும். திறந்தால் இவன் பார்ப்பான், தலைவர் பார்ப்பார், நாளைக் காலையில் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். எடுக்காவிட்டால், தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். வீடு பிழைக்கும். பள்ளத்தில் குளிர்கூடம் வராது.

'கொஞ்ச நேரம் யாராவது பேசிக்கிட்டிருந்தா போதும்' என்ற குரல் காதில் ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

சாவியை நுழைத்துத் திருப்பினாள். கதவு திறந்ததும் சமையலறை வெளிச்சம் வாசல்வரை வந்து விழுந்தது. ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு நாற்காலி. கொடியில் வாரா வாரம் துவைத்துக் காயப்போடும் ஆண் சட்டை, கசங்காமல். மெக்கானிக் குனிந்து, தான் தட்டிவிட்ட செருப்பை நிமிர்த்தப் போனவன், அப்படியே நின்றான். தேயாத அடிப்பாகத்தில் கடை ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது.

அவள் உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே ஆள் இருப்பதாகக் காட்ட இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அணைக்காத விளக்கு, இன்றைக்கும் குரல் கொடுத்த பழக்கத்தில் தானே அணைக்க மறந்துபோன விளக்கு, அணைந்தது. கீழே நீளமாக விசில் சத்தம். பிறகு கைதட்டல், ஒவ்வொரு மாடியாக.

மெக்கானிக் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. இருட்டில் அவன் குரல் மட்டும், படிக்கட்டில் ஏறி வருகிறவர்களுக்குக் கேட்காதபடி தணிந்து வந்தது.

"சார் எங்கக்கா?"

"அப்படி ஒருத்தர் இல்ல தம்பி" என்றாள் அவள். "எப்பவுமே இருந்ததில்ல."