எல்.கே.ஜி.க்கு ஒரு தலை

ஒரு வகுப்பு எப்படிச் சாகும் என்பது பிரபாவுக்கு நன்றாகத் தெரியும். யாரும் வந்து பூட்டுப் போடுவதில்லை. படாளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், நிலம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை மதுராந்தகத்து இங்கிலீஷ் பள்ளி வேனில் ஏற்றுவார்கள். இங்கே அரசுப் பள்ளியில் பாய் காலியாகும். கணக்கெடுக்கும் நாளில் தலை குறைந்தால், இருக்கிற பிள்ளைகளைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். நிரந்தர டீச்சர் என்றால் வேறு பள்ளிக்குப் போவார். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும் தற்காலிக டீச்சரான பிரபா வீட்டுக்குப் போவாள்.

"பத்து இருந்தா பேசிப் பாக்கலாம்மா" என்றார் தலைமையாசிரியர் தீனதயாளன். ஒன்பது இருந்தது.

பத்தாவது பிள்ளையைத் தேடி அவள் செங்கல் சூளைக்குப் போனாள். அங்கே கல் அறுக்கும் சின்னப்பொண்ணு, மறுநாளே மகள் ஸ்வாதியைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்துவிட்டாள்.

"ஏழு முடிஞ்சிது டீச்சர். வர்தா புயல் அடிச்சுதே, அன்னிக்குப் பொறந்தவ. ஒண்ணாவுதுல போடு."

"சர்டிபிகேட் கீதா?"

"கூரையே பறந்துகினு கீது. அதுல எவன் வந்து சர்டிபிகேட் குடுப்பான்?"

"அப்ப காதத் தொடட்டும்."

வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை, எட்டாது. வளர வளரக் கை நீளும், தலை அந்த அளவுக்குப் பெருக்காது. ஆறு வயதுவாக்கில் விரல் காதைத் தொட்டுவிடும். பிறந்த தேதி தெரியாத காலத்து வாத்தியார்கள் எலும்பை நம்பிக் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கு எலும்பும் பின்தங்கும். இன்னொன்று, தலையை இடப்பக்கம் துளி சாய்த்தாலே போதும், காது தள்ளிப் போய்விடும்.

ஸ்வாதியின் விரல் காது நுனியைத் தொட்டது.

"நேரா நில்லு" என்று பிரபா அவள் தலையைப் பிடித்து லேசாகச் சாய்த்தாள். விரல் வழுக்கி முடிக்குள் போனது.

"பாத்தியா, எட்டல. நாலு வயசுதான். எல்.கே.ஜி."

"பெத்தவ நான் சொல்றேன். காது இன்னா சொல்றது?"

தீனதயாளன் சிரித்தார். "எந்த கிளாஸ்ல குந்தினா இன்னாம்மா, சோறு ஒண்ணுதானே?"

கணினியில் வயது ஏறியது. பிள்ளைக்கு ஒரு எண் கொடுப்பார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும், எத்தனை வகுப்பு ஏறினாலும் அந்த எண் கூடவே வரும். எண்ணோடு வயதும் வரும்.

சிக்கல் வேறு பக்கமிருந்து முளைத்தது. மற்றவர்கள் கோடு கிழித்துப் பழகுவதற்குள் ஸ்வாதி சுவரிலிருந்த எழுத்தையெல்லாம் படித்தாள். கேட்பதற்கு முன்பே கத்திச் சொன்னாள். கல்வி அதிகாரி வந்தால் ஒரு நிமிடத்தில் வயதைக் கண்டுபிடித்துவிடுவார்.

"யாராச்சும் கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்" என்றாள் பிரபா. "அப்பதான் முட்ட. இல்லாங்காட்டி கெடையாது."

இரண்டு முறை முட்டையில்லாமல் உட்கார்ந்த பிறகு ஸ்வாதிக்குப் பிடிபட்டது.

அதிகாரி அம்மா வந்தபோது கரும்பலகையைக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்டார். ஸ்வாதி பிரபாவைப் பார்த்தாள். "தெரியாது." அடுத்த எழுத்துக்கும் அதே பதில்தான். "கொஞ்சம் மந்தம் போல. பொறுமையா சொல்லிக் குடுங்க" என்று குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். வகுப்பு பிழைத்தது. சொன்னபடி பிரபா முட்டையைக் கொடுத்தாள்.

அடுத்த ஜூனில் சின்னப்பொண்ணு மறுபடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"இப்பவாச்சும் ஒண்ணாவுது போடு டீச்சர்."

"யு.கே.ஜி.தான். கம்ப்யூட்டர்ல அஞ்சுதான் கீது."

"மாத்து."

"மாத்தினா ஏன் தப்பா போட்டேன்னு என்னக் கேப்பாங்க."

சின்னப்பொண்ணு மகளைச் சுவர் பக்கம் திருப்பினாள். "அது இன்னா எழுத்துடி? சொல்லு, டீச்சரு கேக்கட்டும்."

ஸ்வாதி பிரபாவைப் பார்த்தாள். "தெரியாது."

"அது?"

"தெரியாது."

முதுகில் ஓர் அறை விழுந்தது. ஸ்வாதி அழவில்லை; பிரபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பிரபா சுவரைப் பார்த்தாள்.

"ஒரு வருசம் குந்திகினு கீறா, ஒரு எழுத்து ஏறல" என்றாள் சின்னப்பொண்ணு. குரல் இறங்கிவிட்டது. "இவளுக்கு வராது டீச்சர். சூள மேஸ்திரி கேட்டுகினே கீறாரு. காயிற கல்லு திருப்பட்டும்."

அவள் வாசலைத் தாண்டும்போது பிரபாவின் மனம் ஒன்பது என்றது.

"சின்னப்பொண்ணு! இடுப்புல கீறானே, அவனுக்கு இன்னா வயசு?"

சின்னப்பொண்ணு நின்றாள். குழந்தைக்கு இன்னும் நடை சரியாக வரவில்லை.

"நீயே சொல்லேன் டீச்சர். ஒனக்கு எத்தினி வேணும்?"

பிரபா குழந்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணர" என்றாள்.