இல்லாத கடிகாரம்

கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்த நாளிலிருந்து அவர் தன் பெயரைத் தனியாக எழுதியதே இல்லை. வாசல் பலகை, பாஸ்புக், மழைக்கோட்டின் காலர் என்று எங்கு பார்த்தாலும் பட்டம் முந்திக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நாளடைவில் பெயர் தேவைப்படாமலே போயிற்று. செஸ் கிளப்பில் அவர் ஜீ.எம். வீட்டிலும் ஜீ.எம். மனைவியின் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "ஜீ.எம். சௌக்கியமா?" என்றுதான் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட ஜீ.எம். தினமும் காலையில் ஆன்லைனில் உட்கார்ந்து, ஆளுக்கு மொத்தமே மூன்று நிமிடம் தரும் பிளிட்ஸ் ஆட்டத்தில், யார் பெற்ற பிள்ளைகளிடமோ உதை வாங்கிக்கொண்டிருந்தார்.

அதுவும் கௌரவமான உதை இல்லை. ஆட்டம் முழுக்க அவர் கைதான் ஓங்கியிருக்கும். ஒரு யானை கூடுதலாக இருக்கும், எதிராளியின் ராஜா ஓடி ஒளிய இடமில்லாமல் மூலையில் நடுங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து இவருடைய கடிகாரம் தீர்ந்துபோகும். நேரம் தீர்ந்தால் தோல்வி. பட்டம் பார்த்துச் சலுகை காட்டும் வழக்கம் கம்ப்யூட்டருக்குக் கிடையாது.

"தத்துவப்படி பார்த்தா நான் ஜெயிச்சுட்டேன்" என்பார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"தத்துவப்படி பார்த்தா துணியும் காஞ்சிருச்சு. எடுத்து மடிச்சு வைங்க" என்பாள் மனைவி, கடைச் சாவியைத் தேடியபடி.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் இன்டர்நெட் சரியில்லை என்றார், மாற்றினார்கள். மவுஸ் கனமாக இருக்கிறது என்றார். இறகு மாதிரி ஒன்று வந்தது. முதுகுக்கு நாற்காலி ஒத்துவரவில்லை என்றார். விமானி உட்காருவது போன்ற நாற்காலி வந்து இறங்கியது. அதில் சாய்ந்து, இன்னும் சொகுசாகத் தோற்றார். மிச்சமிருந்தது மேசை. அதில் மவுஸுக்கு வலப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பாலிஷ் போய் வெளுத்திருந்தது. அதற்காகத் தச்சரை வரவழைத்து, மரம் என்றால் என்ன, மெருகு என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். தச்சர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிளப்பின் ஆன்லைன் அணி அந்த வருஷம் லீக் இறுதிக்கு வந்துவிட்டது. செயலாளர் போன் செய்தார். கெட்ட சேதி சொல்லும்போது மட்டும் இனிக்கும் குரல் அவருக்கு.

"சார், முதல் போர்டு விஷயமா... ஆன்லைன் ரேட்டிங்ல டாக்டர் உங்களுக்கு மேல இருக்காரு."

"எந்த டாக்டர்?"

"நம்ம பல் டாக்டர்தான் சார். ஞாயித்துக்கிழமை காலைல நீங்க ரெண்டு பேரும் ஆன்லைன்ல ஒரு பிளிட்ஸ் மேட்ச் ஆடிடுங்க. ஜெயிக்கிறவர் முதல் போர்டு."

"தோக்கிறவர்?"

"மத்த போர்டெல்லாம் பெண்கள், ஜூனியர்னு ஒதுக்கியாச்சு சார். தோக்கிறவர் ரிசர்வ்."

கிளப் தொடங்கிய நாளிலிருந்து முதல் போர்டு, அதாவது அணியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான இடம், ஜீ.எம்.முக்குத்தான். ரிசர்வ் என்றால் ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பவர். அதுவும் பல் டாக்டருக்கு! அவர் வெறும் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒரு படி கீழே. ஜீ.எம். அவரை 'முக்கால் மாஸ்டர்' என்றுதான் சொல்வார். முகத்துக்கு நேராகவே சொல்வார்.

முக்கால் மாஸ்டர் அன்றைக்கே கூப்பிட்டார். "ஜீ.எம்., ஞாயித்துக்கிழமை பயப்படாம வாங்க. வலிக்காம எடுத்துடறேன்."

"டாக்டர், நீங்க காயை விட்டுட்டு கடிகாரத்தோட ஆடுறவரு. அதுக்குப் பேரு செஸ் இல்ல."

"அப்படியா? ஸ்கோர் போடறவருக்கு அது தெரியாது போலிருக்கே!"

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் பயிற்சி செய்திருப்பார்கள். ஜீ.எம். பாடம் எடுக்கத் தீர்மானித்தார். 'வேகத்தின் மெய்யியல்' என்று தலைப்பு வைத்து, பிளிட்ஸ் ஆடுவது எப்படி என்று உலகத்துக்கு ஒரு வீடியோ. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் மைத்துனி இரண்டு கேமராவோடு வந்தாள். ஒன்று முகத்துக்கு, ஒன்று கைக்கு. ஜீ.எம். மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையுமாக அமர்ந்து சில ஆட்டங்கள் ஆடிக் காட்டினார். ப்ரீமூவ் என்ற வசதியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எதிராளி ஆடும் முன்பே நம் பதிலைத் தயாராக வைத்துவிடுவது அது. "ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்றது பண்பாடு ஆகுமா?" என்று கேமராவைக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோதே நேரம் தீர்ந்து தோற்றார்.

மறுநாள் மைத்துனி லேப்டாப்பும் கையுமாக வந்தாள். வாய் கோணிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கிய கோணல்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். நடுநடுவுல யாருக்கு ஆசீர்வாதம் பண்றீங்க?"

"என்னது?"

"இங்க பாருங்க."

திரையில் அவருடைய வலது கை மட்டும் தெரிந்தது. மவுஸால் குதிரையை நகர்த்தியது. பிறகு மவுஸை விட்டு எழும்பி, வலப்பக்கம் போய், மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மவுஸுக்கு வந்தது. சிப்பாய். தட்டு. ராணி. தட்டு. உயிரே போகிற நேரத்திலும், எதிராளியின் ராஜா கழுத்தில் கத்தி வைக்கிற நேரத்திலும், ஒரு தட்டு.

அங்கே இல்லாத கடிகாரத்தை அமுக்கிக்கொண்டிருந்தது அந்தக் கை.

நேரில் ஆடும்போது காயை நகர்த்திய அதே கையால் பக்கத்துக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். அப்போதுதான் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். சிறு வயதிலிருந்து ஆடிய எத்தனையோ ஆயிரம் ஆட்டங்களில் கைக்கு ஊறிப்போன காரியம். ஆன்லைனில் கடிகாரம் தானாக நிற்கும் என்று ஜீ.எம்.முக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

"அது ஒரு லயம்" என்றார் ஜீ.எம்.

"லயமா! மூணு நிமிஷத்துல முக்கால் நிமிஷத்தை மேசைக்குத் தானம் பண்ணியிருக்கீங்க அத்தான்."

எட்டிப் பார்த்த மனைவி வீடியோவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், வெளுத்த இடத்தைப் பார்த்தாள். "அடப்பாவமே! பாலிஷ் இதனாலதான் போச்சா? அந்தத் தச்சரை நிக்க வச்சுத் திட்டினீங்களே!"

ஜீ.எம். நாற்காலியை லேப்டாப்புக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கர்வம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவர் பட்டத்தைச் சும்மா வாங்கவில்லை. தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்து, எங்கே சறுக்கினோம் என்று ஈவிரக்கமில்லாமல் தேடுகிற புத்திதான் அவரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனது. இவ்வளவு நாளும் சறுக்கலைப் பலகையில் தேடினார். அது பலகைக்கு ஒரு சாண் தள்ளி இருந்திருக்கிறது.

"அந்த வீடியோவைத் திரும்பப் போடு" என்றார். மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வைத்தியம் மைத்துனியுடையது. பால்கனியிலிருந்த கள்ளிச்செடித் தொட்டியைத் தூக்கி வந்து, வெளுத்த இடத்தின் மேல் கச்சிதமாக வைத்தாள். "இப்ப தட்டுங்க பார்க்கலாம்."

முதல் நாள் அவருடைய விரல்கள் சல்லடையாயின. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'ஐயோ' கேட்டது. மனைவி கடையிலிருந்து பிளாஸ்திரியை டப்பாவோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் கை பாதி வழியில் நின்று யோசித்தது. அடுத்த நாள் மவுஸை விட்டு எழும்பவில்லை. மிச்சமான நேரத்தைப் பார்த்து ஜீ.எம்.முக்கே திகைப்பு. சம்பளம் கூடின மாதிரி இருந்தது. அந்த உற்சாகத்தில், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உலகத்திலேயே சிறந்ததைத் தேடும் வழக்கத்தையும் விட்டார். நல்லதாக இருந்தால் போதும், ஆடிவிட்டுப் போகலாம் என்று ஆனது. கடைசியில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு ப்ரீமூவும் போட்டார். பண்பாடு பிழைத்துக் கிடந்தது. இன்னொன்று போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பல் டாக்டர் முதல் ஆட்டத்திலேயே தன் பழைய உத்தியை எடுத்தார். ஒரு குதிரையைக் கொடுத்தார், பிறகு ஒரு யானையைக் கொடுத்தார். எப்படியும் ஜீ.எம்.முக்கு நேரம் தீரும், அதுவரை ராஜாவை இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் போதும் என்பது கணக்கு. ஆனால் நேரம் தீரவில்லை. ஜீ.எம். நிதானமாகத் துரத்திப் பிடித்தார். அடுத்ததை டாக்டர் ஒழுங்காக ஆடி ஜெயித்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாறி மாறிப் போய், கடைசி ஆட்டம் தொடங்கும்போது சமநிலை.

அந்த ஆட்டத்தின் முடிவில் பலகையில் ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். இருவரிடமும் சொற்ப நொடிகள். இப்படிப்பட்ட முடிவில் எந்த ராஜா எங்கே போகும் என்பது ஜீ.எம்.முக்குத் தன் வீட்டு மாடிப்படி மாதிரி, இருட்டிலும் இறங்குவார். டாக்டர் ஆடும் முன்பே பதில்கள் விழுந்தன. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. சிப்பாய் கடைசிக் கட்டத்தை மிதித்து ராணியானது. கள்ளிச்செடி அசையாமல் நின்றது. டாக்டரின் நேரம் தீர்ந்தது.

போன் அடித்தது. "ஜீ.எம்., நிஜமா நீங்கதான் ஆடினீங்களா?"

"வலிச்சுதா டாக்டர்?"

"மரத்துப்போச்சு. எப்படிங்க இது?"

ஜீ.எம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதாவது டாக்டர், வேகம்கிறது ஒரு மெய்யியல். ஆழ்மனசோட..."

"கள்ளிச்செடி டாக்டர்!" என்று பின்னாலிருந்து மைத்துனி கத்தினாள்.

லீக் இறுதியில் ஜீ.எம். முதல் போர்டில் ஆடினார், ஜெயித்தார். டாக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்து அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பிறகு நேரில் ஆடும் பழைய பாணி அணிப்போட்டி ஒன்று வந்தது. பெரிய மண்டபம், மரப்பலகை, பக்கத்தில் அசல் கடிகாரம். ஜீ.எம். அன்று தன் வாழ்நாளின் மிக அழகான யானை நகர்த்தல்களில் ஒன்றை ஆடிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, எதிராளியைக் கருணையோடு பார்த்தார். எதிராளி ஒரு கணக்கு வாத்தியார். அவரும் பார்த்தார். இவர் சாய்ந்தார். அவரும் சாய்ந்தார். பக்கத்துப் போர்டில் பல் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிந்தார். சொந்த அணிக்காரர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

வெகுநேரம் கழித்து டீ கிளாஸுக்குக் கை நீட்டியபோதுதான் ஜீ.எம். கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது அவருடைய நேரம். அவர் அதை அமுக்கவே இல்லை. மிச்சம் மூன்று நிமிடமும் சொச்சமும்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீ.எம். கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டினார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மூணு நிமிஷமா?" என்றார் வாத்தியாரைப் பார்த்து. "தாராளம்."