கூம்பாய்க் கடைந்த லேத்

அன்று பட்டறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். என் மச்சான் எல்வியோ லேத் என்ற கடைசல் இயந்திரத்துக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்னில். அவன் மனைவி, அதாவது என் அக்கா நெலிதா, சமையலறைப் படியில், எல்லோரும் மாறி மாறி உறிஞ்சும் மாத்தே மூலிகைத் தேநீரின் குடுவையும் வெந்நீர்க் கெண்டியும் பக்கத்தில். அடுத்த வீட்டு ரொட்டிக்கடைக்காரர் ஓரெஸ்தே நீள மேசையின் ஒரு கோடியில். மறுகோடியில் நான், காகிதமும் பேனாவுமாக. ஞாயிற்றுக்கிழமை ரவியோலி, அதாவது பூரணம் வைத்த மாவுத் துண்டுகள், சாப்பிட்டு முடித்த நேரம்.

எல்வியோவின் கையெழுத்து அவனுக்கே புரியாது. அதனால் அவன் கடிதங்களை நான்தான் எழுதுவேன். அன்று எழுத வேண்டியது பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு: பம்புக்கான சுழல்தண்டு, அந்த ஷாஃப்ட், கடையும் வேலையை இனி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், என்னால் முடியவில்லை என்று.

காரணம், கண். குளிர்காலத்தில் ரஃபாயேலா நகர ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கண் அறுவை நடந்தது. நான்தான் கூட இருந்தேன். வீடு திரும்பியதிலிருந்து அவன் கடைந்த ஷாஃப்ட் எதுவும் நேராக வரவில்லை. ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, கூம்பாக வந்தது. சங்கம் திருப்பி அனுப்பியது. கண்ணாடியை மாற்றினான், விளக்கை மாற்றினான், கடைசியில் லேத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டான்.

"எழுது மச்சான். கண்ணு போச்சுன்னு மட்டும் போடு. புலம்ப வேணாம்."

"கண்ணு போனவனா ரவியோலில உப்பு பத்தலன்னு கண்டுபிடிச்ச?" என்றார் ஓரெஸ்தே.

"உப்பை நாக்கால பாக்கணும், ரொட்டிக்காரா. நீ கண்ணால பாக்குற, அதான் உன் ரொட்டி அப்படி இருக்கு."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கிழவா, ஒண்ணு கேக்குறேன். ஆட்டோ ஃபீட் போட்டா வெட்டுற டூலை லேத்தே இழுத்துட்டுப் போகுமில்ல?"

"போகும்."

"போற வழியில உன் கண்ணுக்கு அங்க என்ன வேலை? ஆரம்பத்துல ஒரு அளவு, முடிவுல வேற அளவு எப்படி வருது?"

"மைக்ரோமீட்டரைப் படிக்கிறது நான்தானே. தப்பாப் படிச்சு, தண்டோட மறுமுனையைத் தாங்குற டெயில்ஸ்டாக்கைத் தப்பா நகத்தி வச்சிருப்பேன்."

"அப்போ டெயில்ஸ்டாக் வேணாம். அளவை நான் படிக்கிறேன்." கல்யாணமான புதிதில் அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

எல்வியோ மனமில்லாமல் எழுந்து துணியை எடுத்தான். ஒரு தடித்த இரும்புத் தண்டை, அதை இறுகப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மட்டும் பிடிக்க வைத்தான். மறுமுனை அந்தரத்தில் நின்றது. இரண்டு முனையிலும் மோதிரம் போல் ஓர் இடம் விட்டு, நடுவைக் கடைந்து ஒதுக்கினான். பிறகு டூலை அசைக்காமல் வைத்து, ஆட்டோ ஃபீடைப் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். டூல் ஒரே இழுப்பில் இரண்டு மோதிரங்களையும் சீவிக்கொண்டு போனது.

அக்கா மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். இரண்டு மோதிரங்களும் ஒரே அளவில் இல்லை.

"கை வைக்கவே இல்லையே நீ," என்றாள்.

எல்வியோ அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து லேத்தின் நீள உடலான பெட்டின் குறுக்கே வைத்தான். சக் பக்கம் குமிழி நடுவில் நின்றது. மறுகோடியான வால் பக்கம் கொண்டுபோனதும் ஓரத்துக்கு ஓடிவிட்டது.

"பெட் முறுக்கிட்டு நிக்குது, அதான் டூல் கோணலாப் போகுது," என்றவன் மண்டி போட்டு, வால் பக்கத்துக் காலின் அடியில் விரலை விட்டுத் துழாவினான். "லேத்தை மட்டமாக்க இங்க நான் வச்ச தகடு எங்க?"

அடுத்த மாத்தே ஓரெஸ்தேயின் முறை. அக்கா அதை ஊற்றித் தானே குடித்தாள்.

"சான் ரோக்கே திருநாளுக்கு நல்ல மழை," என்று தொடங்கினார் ஓரெஸ்தே. "முற்றத்துல மேசை போட முடியல. ஊரே சாப்பிட வந்திருக்கு. நீ ஆஸ்பத்திரில இருந்த. குழாய் மேல உருட்டி லேத்தைச் சுவரோரம் தள்ளிட்டு இங்க பந்தி போட்டோம். ஆனா பாரு, தரையில சுண்ணாம்புக்கட்டியால கோடு போட்டு, அதே கோட்டுல திருப்பி வச்சோம்டா. இம்மி பிசகல."

"தகடு?"

"மேசை ஆடிச்சு."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஓரெஸ்தேயின் பக்கத்து மேசைக் காலுக்கு அடியில், தக்காளிக் குழம்பு காய்ந்து, இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள்.

"நீயுமா, கிழவி?"

"குழாய் உருட்டினதே நான்தான்." அக்கா கெண்டியைத் தள்ளி வைத்தாள். "லேத்தை எவனும் தொடக்கூடாதுன்னுவ. கண்ணுல கட்டோட வந்தவன்கிட்ட எப்படிச் சொல்ல? தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா உன்னை இப்படித் தவிக்க விட்டிருப்பேனா?"

கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் வெகுநேரம் துடைத்தான்.

"தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு என் கண்ணையே திட்டிட்டிருந்தேன்," என்றான். பிறகு மேசையை அழுத்திப் பார்த்தான். "கொஞ்சங்கூட ஆடலயே. பாவி, நல்லாத்தான் வச்சிருக்க."

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போல்ட்டைத் தளர்த்தி, ஓரெஸ்தே கடப்பாரையால் நெம்ப, தகடுகள் பழைய இடத்துக்குப் போயின. குமிழி நடுவுக்கு வரவில்லை. எல்வியோ பிஸ்கட் டின்னின் மூடியிலிருந்து ஒரு கீற்று வெட்டிச் செருகினான்; கொஞ்சம் கூடிப்போனது. அதை எடுத்துவிட்டு அதனினும் மெல்லிய ஒன்றைச் செருகி, போல்ட்டை முறுக்கினான். "மெதுவாத் தூக்குடா, இது மாவு மூட்டை இல்ல!" என்று ஓரெஸ்தேக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ஏச்சு விழுந்தது.

மறுபடி ஒரு இழுப்பு. அக்கா படித்தாள்.

"ரெண்டும் ஒண்ணு."

"சரியாப் பாரு."

"பாத்தாச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

எல்வியோ மைக்ரோமீட்டரை வாங்கித் தானும் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். "கோடு தெரியல, கிழவி," என்றான் மெதுவாக. "இது நெசமாவே தெரியல."

"நான்தான் இருக்கேனே, படிக்க."

அவன் அதை அவள் கையிலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "மச்சான், அந்தக் காகிதத்தைக் கிழி. ஷாஃப்ட் அடுத்த வாரம் அனுப்புறோம்னு எழுது. அனுப்புறேன் இல்ல, அனுப்புறோம்."

"தாமதத்துக்குக் காரணம்?"

"லேத் சாஞ்சு நின்னுச்சு, நிமித்தியாச்சுன்னு போடு."

"என் பேரைப் போட்டுறாத ஓஸ்மார்," என்றார் ஓரெஸ்தே என்னிடம், ஆடும் மேசையை முழங்காலால் முட்டுக் கொடுத்தபடி. "சங்கத்துக்கு ரொட்டி போடுறவன் நான்."

"அளவை என் மனைவி பார்ப்பாள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான் எல்வியோ. கீழே அவன் கையெழுத்திட்டான். அவளையும் போடச் சொன்னான். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அவள் போட்டாள்.

உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு நான் தெரு முனைக்கு ஓடினேன். சங்கத்துக்குக் கடிதம் கொண்டுபோகும் மாலை பஸ் கிளம்பும் நேரம். ஓட்டுநர் கையை நீட்டி உறையை வாங்கி, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே செருகிவிட்டு, வண்டியை எடுத்தார்.