மேற்குச் சுவர் வேண்டாம்

லோர்னாவுக்குக் கறுப்புப் பெட்டிகளைக் கண்டாலே ஆகாது. பேஸ்மென்டில் ஹோம் தியேட்டர் வைத்துக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு ஸ்பீக்கர்கூட என் கண்ணில் படக் கூடாது என்று புருஷன் வெண்டலிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அடிவயிற்றைக் குலுக்கும் ஓசைக்கென்றே இருக்கிற சப்வூஃபரையும் சுவருக்குள் புதைத்தாக வேண்டும். அதையே தொழிலாக வைத்திருக்கும் அவள் அண்ணன் கிளென், சனிக்கிழமை மத்தியானம் முழங்கால் அளவு பனியைத் தாண்டி ஓஷ்கோஷுக்கு வந்து இறங்கினான்.

"ரெண்டு மரச்சட்டத்துக்கு நடுவுல பெட்டி. மேல துணி வலை, அதுக்கு மேல சுவர் நிறத்துலயே பெயின்ட். தடவிப் பாத்தாதான் தெரியும், லோர்னா. சந்தோஷமா?"

வெண்டலுக்குத்தான் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். குடியை விட்ட பிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் திண்டாடியதால்தான் இந்தத் தியேட்டர் யோசனையே வந்தது. போன ஈஸ்டரிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. இன்னொரு பாட்டில் இந்த வீட்டில் கண்ணில் பட்டால் அவன் வெளியே போய்விட வேண்டும் என்பது லோர்னாவின் நிபந்தனை. அவள் சொன்னால் செய்கிறவள்.

மேற்குச் சுவரில், தண்ணீர்க் குழாய் வால்வுக்காக வைத்த சின்னக் கதவுக்குப் பின்னால், ஒரு விஸ்கி பாட்டில் இருந்தது. காகித ஆலையில் தன் வேலை போன அன்று வெண்டல் வாங்கியது. அதைத் திறக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்திலேயே குடிக்காமல் இருந்தான். குடித்துப் பழகாதவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

"கிழக்குச் சுவர்லயே வச்சிருவோம், கிளென். மேற்கால குழாயெல்லாம் ஓடுது."

"நீ எப்படா எஞ்சினியர் ஆன? இடத்தை நாம முடிவு பண்றதில்ல, காது முடிவு பண்ணும். மண்டி போடு."

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். சப்வூஃபரை ஆள் உட்காரும் சோபாவில் ஏற்றி வைத்து, ஒரே தாழ்ந்த ஓசையை ஓடவிடுவார்கள். படம் பார்க்கப்போகிறவன் சுவரோரமாகக் குழந்தை மாதிரி தவழ வேண்டும். எங்கே ஓசை திரண்டு கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்காகச் சுவரை வெட்டுவது. வெண்டல் பருத்த ஆள், தவழும்போது தொப்பை தரையைத் தொட்டது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த லோர்னா சிரிக்கவில்லை.

கிழக்குச் சுவரில் ஓசை சவசவ என்றிருந்தது. "ஆகா, இங்க பிரமாதம்!" என்றான். மேற்குச் சுவரை நெருங்கியதும் அது நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. "இங்க ஒண்ணுமே இல்லப்பா."

"எந்திரி." கிளென் தானே தவழ்ந்து வந்தான். மேற்குச் சுவரோரம் வந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "காதா அது, இல்ல கதவுக் கைப்பிடியா? இதுதாண்டா இடம்!"

வெட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை பாக்கி. ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், சுவருக்குள் தளர்ந்து கிடப்பது எதுவானாலும் எங்காவது ஓரிடத்தில் அதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கிளென் போனைத் தடவினான். ஊம் என்ற ஓசை ஊர்ந்து ஏறியது. ஏதாவது செய், ஃபியூஸையாவது பிடுங்கு என்று வெண்டலின் மனசு அடித்துக்கொண்டது, கால்தான் நகரவில்லை.

கிணுகிணுகிணு என்றது சுவர்.

"கண்ணாடி," என்றான் கிளென்.

"குழாயா இருக்கும்."

"குழாய் எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? இது கண்ணாடிடா."

"அதை நிறுத்துண்ணா," என்றாள் லோர்னா. "கிழக்குலயே வையி. வெண்டல்தான் அங்க நல்லாருக்குன்னு சொல்றாரே."

அவள் குரல் நடுங்கியது. புரிந்துகொண்டுவிட்டாள், அண்ணன் முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று வெண்டல் நினைத்தான். அந்த இரக்கத்தை அவனால் தாங்க முடியவில்லை. கிளெனின் கை சின்னக் கதவை நோக்கிப் போனதும் குறுக்கே போய் நின்றான்.

"அது என்னுது. பாட்டில்தான். வேலை போன அன்னிக்கு வாங்கினேன். ஆனா தொடல. மூடியைக்கூடத் திருகல."

"எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்லுவான்."

"நீயே பாரு. சீல் அப்படியே இருக்கும்!"

கதவைத் திறந்து, கையை விட்டு, பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினான். மத்தியானத்திலிருந்து அவனைப் பிடித்து ஆட்டிய பயம் அந்த நொடியில்தான் விட்டிருந்தது.

பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது.

கிளென் திட்டக்கூட இல்லை. "பையை எடுத்து வை, வெண்டல். நானே கொண்டுபோய் மோட்டல்ல விடறேன்."

வெண்டல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூக்கத்தில் எழுந்து வந்து குடித்தேனோ என்று தன்னையே சந்தேகப்பட்டான். ஒரு காலத்தில் குடித்தவன் தன்மேல் எந்தப் பழி வந்தாலும் நம்பிவிடுவான். அப்புறம்தான் லோர்னா பக்கம் திரும்பினான். அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பகீரென்றது. ஒரு வார்த்தை சொன்னால் தான் தப்பித்துவிடலாம் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"சரி," என்றான். "பையை எடுத்துட்டு வரேன்."

"உக்காரு," என்றாள் லோர்னா. "அண்ணா, அவர் குடிக்கல. நான்தான்."

கிளென் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவர் என்னை ஏமாத்தறாருன்னு நெனச்சு வீடு பூரா தேடினேன். கெடச்சுது. சீல் ஒடையவே இல்ல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொட்டத்தாண்ணா தெறந்தேன். சத்தியமா, கொட்டத்தான் தெறந்தேன்."

கிளென் நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. வெண்டல் நம்பினான். தான் குடித்து, கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவனும் ஒரு காலத்தில் கொட்டத்தான் திறந்தான்.