வலை எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் ஆண்கள் இரண்டு விஷயங்களுக்கு வாய் திறக்கமாட்டார்கள். ஒன்று, கள் குடித்த இடம். இன்னொன்று, வேட்டைக்கு வலை கட்டும் பக்கம். முதலாவதை நாங்களே மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோம். இரண்டாவதைக் கேட்கவே கூடாது. பெண் காதில் விழுந்தால் பன்றி வலையில் விழாது, யாரையாவது கிழித்துவிட்டுப் போகும் என்று சொல்லிச் சொல்லி எங்களையும் நம்ப வைத்திருந்தார்கள். வேட்டை நாளில் பெண்களும் குழந்தைகளும் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. அதனால் அந்த வழக்கத்தால் அதுவரை யாருக்கும் கேடு வந்ததில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று அடிவாரத்து ஆட்கள் பயந்து செத்துக்கொண்டிருந்த வருடம் அது. எங்களுக்குப் பன்றிதான் ஜப்பான்காரன். மரவள்ளிக் காட்டைக் கிளறித் தள்ளிவிட்டு, கூட்டமாகச் சாமைக் காட்டில் புகுந்துவிட்டன. சாமையோ முற்றி உதிரும் பதத்தில் நின்றது. அறுப்பையும் தள்ளிப் போட முடியாது, வேட்டையையும் தள்ளிப் போட முடியாது. ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி வெற்றிலையை மென்றுகொண்டே முடிவு சொன்னார். ஆண்கள் வேட்டைக்கு, பெண்கள் அறுப்புக்கு, இரண்டும் ஒரே நாளில். குழந்தைகள் எங்கே இருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. குழந்தைகள் என்றால் அது இருசாயி பாடு.

அறுப்புக் காலத்தில் ஊர்க் குழந்தைகளை எல்லாம் ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போவது மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் ஊர் ஏற்பாடு. சில வருடங்களாக அது இருசாயிதான். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பெற்ற இரண்டும் தங்கவில்லை. வாய் மட்டும் தங்கிவிட்டது.

"பெத்துப் போட்டாப் போதுமா? உக்காரு, உக்காருன்னு அதட்டறீங்களே, அது புள்ளையா அம்மிக்கல்லா?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே குழந்தைகளை வாங்கிக்கொள்வாள்.

எந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. "படுத்திருக்கறதுக்கு காதுல எதாச்சும் கேக்கோணும். நடக்கறது நனையோணும். பேசறது உழுந்து எந்திரிக்கோணும்" என்பாள். கைக்குழந்தைகளுக்கு மரக்கிளையில் தூளி கட்டி, மேலே கூழாங்கல் போட்ட சுரைக்குடுக்கையைத் தொங்கவிடுவாள். காற்றடித்தால் அது கலகலக்கும், குழந்தை அழுகையை மறந்து கண்ணை உருட்டும். நடை பழகியவர்களுக்கு ஈர மணலும் கணுக்கால் தண்ணீரும். மூன்று நான்கு வயதுக்காரர்களை வாழை மட்டையில் உட்காரவைத்துப் புல்மேட்டிலிருந்து சறுக்கிவிடுவாள். மூங்கில் மேடு, கோயில் புல்மேடு, ஓடைக்கரை என்று மூன்று இடம் வைத்திருந்தாள். விடிந்ததும் தானே முதலில் போய்ப் புதரைத் தடியால் அடித்து, வெயில், காற்று, அட்டை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு எந்த இடம் என்று சொல்வாள். எங்கள் ஊர்க்கவுண்டர் பஞ்சாயத்துக்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லை.

என் மகள் கண்ணாயிக்கு நான்கு வயது. மட்டையில் சறுக்குவதில் ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாவாடையின் பின்பக்கம் எப்போதும் பச்சையாகவே இருக்கும். சாயங்காலம் நான் கூப்பிடப் போனால் இருசாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அலறுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வேட்டையும் அறுப்பும் குறித்த அன்றைக்குக் காலை, முந்தின நாள் மழையில் புல்மேடு முழுக்க அட்டை. மூங்கில் மேட்டில் தூளி நிற்காத காற்று. மிச்சம் ஓடைதான். இருசாயி கைக்குழந்தைகளை இடுப்பிலும் முதுகிலும் சுமந்து, கண்ணாயியைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களை முன்னால் நடக்கவிட்டு, நேராகக் கோயில் வாசலுக்குப் போனாள். ஆண்கள் அங்கே வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். என் புருஷன் மாதனும் அதில் இருந்தான். அவனை மரியாதை கொடுத்துப் பேசிய காலம் அந்த வருடத்தோடு முடிந்தது.

"ஏனுங்க கவுண்டரே, புள்ளைங்களை ஓடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறனுங்க" என்று இருசாயி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "வலை அந்தப் பக்கமுங்களா? வாயைத் தொறக்க வேண்டாம், தலையாட்டுனாப் போதுமுங்க."

அர்த்தனாரி ஈட்டிக் காம்பைத் திருப்பி அவள் வாயில் அடித்தார். "வேட்டைக்குக் கெளம்பற வாசல்ல நின்னு கேக்கற கேள்வியாடி இது?" என்றார். ஒருவரும் அசையவில்லை. கண்ணாயி மட்டும் அப்பனிடம் ஓடி, "அப்பா, நாங்க நண்டு புடிக்கப் போறம்" என்று சொல்லியிருக்கிறாள். மாதன் அவள் தலையைத் தடவி அனுப்பிவைத்திருக்கிறான்.

இதையெல்லாம் இருசாயிதான் அறுப்புக் காட்டு ஓரமாகப் போகும்போது நின்று என்னிடம் சொன்னாள். உதடு வீங்கி, முகவாயில் ரத்தம் உறைந்திருந்தது.

"அடிச்சா அடிச்சுட்டுப் போறான். ஓடைக்குப் போறோம்னு சத்தமாச் சொல்லிட்டேன் பாப்பாத்தி. வலை அங்கன்னா, பெத்தவனுங்க அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டா இருப்பானுங்க?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. யாருக்குத்தான் சரியாகப் படாது? குனிந்து சாமையை அறுத்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது மலைமேல் பன்றியை விரட்டும் தப்புப் பறைச் சத்தம் கிளம்பியது. நாய்கள் குரைத்தன. முதலில் மேற்கே கேட்டது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. ஓடைப் பக்கம் திரும்பியபோது எனக்குப் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த சென்னம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பேரன் அங்கே இருந்தான். அருவாளோடு ஓடினோம், பின்னாலேயே எல்லாரும் ஓடிவந்தார்கள். காலில் கட்டை குத்தியதோ, முள் கிழித்ததோ ஒன்றும் தெரியவில்லை.

பன்றி எங்களுக்கு முன்னால் ஓடைக்குப் போய்விட்டது. விலாவில் ஒடிந்த ஈட்டி தொங்க, வாயெல்லாம் நுரையாக, வலைக்கு விலகி ஓடையில் குதித்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்போது குழந்தைகள் நடுப்பாறை மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இருசாயி எல்லாரையும் தூக்கித் தூக்கி அங்கே எறிந்திருக்கிறாள். தூளியிலிருந்த கைக்குழந்தைகள் கிளையில் பத்திரமாகத் தொங்கின. கீழே தண்ணீரில் அவளும் பன்றியும் உருண்டார்கள். அவள் தொடை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி அதன் கண்ணில் இடித்துக்கொண்டே இருந்தாள். பன்றி உறுமவில்லை, கிறீச்சிட்டது.

நாங்கள் அதன்மேல் விழுந்தோம். சாமை அறுக்கிற அருவாள் பன்றித் தோலில் ஏறாது. ஏறாவிட்டால் என்ன? கழுத்தில், காதில், கண்ணில், கிடைத்த இடத்தில் கொத்தினோம். என் கைமேல் சூடாக ரத்தம் பீச்சியடித்தது. அது விழுந்த பிறகும் சென்னம்மாள் கொத்துவதை நிறுத்தவில்லை. பாறையிலிருந்த குழந்தைகள் அதைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதார்கள். நான் பாறையைப் பார்த்தேன். கண்ணாயி அங்கே இல்லை.

கரை மணலில் கிடந்தாள். மட்டையில் சறுக்கத் தெரிந்தவளுக்குப் பாறை ஏறத் தெரியாமலா இருக்கும்? இருசாயி தூக்கும் முன்பே பன்றி அவளை இடித்துத் தள்ளிவிட்டது. வயிறு திறந்திருந்தது. நான் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தேன். "அம்மா, நண்டு ஓடிப்போச்சு" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. எழுந்ததும் அருவாளை எடுத்துக்கொண்டு இருசாயியிடம்தான் போனேன். அவள் நகரக்கூட இல்லை, கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெட்டுடி. ஆனா ஒன்னுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் கேட்டனா இல்லையா?" என்றாள்.

அப்போதுதான் ஆண்கள் ஓடை முகப்பில் வந்து இறங்கினார்கள். அர்த்தனாரி முதலில் பன்றியைப் பார்த்தார். "பொம்பளை அருவாப் பட்டுருச்சா? இனி இந்தக் கறி சாமிக்கு ஆகாது" என்றார். அதன் பிறகுதான் குழந்தை அவர் கண்ணில் பட்டது.

நான் அவர்மேல் பாய்ந்தேன். மாதன் குறுக்கே வந்தான். அருவாள் அவன் தோள்பட்டையிலிருந்து முழங்கைவரை இழுத்துக்கொண்டு போனது. அவன் கையை ஓங்கவில்லை, தடுக்கவுமில்லை.

"கொழந்தை உங்கிட்ட வந்து சொன்னாளே! தலையத் தடவி உட்டியே! உனக்குத் தெரியுமில்ல?" என்று கத்தினேன்.

"பன்னி இந்தப் பக்கட்டு இறங்காதுன்னு நெனச்சேன் பாப்பாத்தி. வலைக்கு உள்ளயே உழுந்துரும்னு... வழக்கத்தை எப்படி மீறறது?" என்றான். காதால் கேட்டேன், இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். அப்படியும் அவனை இன்னொரு முறை வெட்டினேன்.

கண்ணாயியைப் புதைத்த மறுநாள் அர்த்தனாரி பஞ்சாயத்துக் கூட்டினார். இருசாயி கோயில் வாசலில் நின்று கேட்டதால்தான் பன்றி வலைக்கு விலகியது, குழந்தையின் சாவு அவள் வாயால் வந்தது என்று தீர்ப்பாயிற்று. வழக்கம் பொய்யில்லை, பார்த்தீர்களா என்றுகூட ஒரு கிழவர் சொன்னார். தொடை ஆறியதும் அவள் ஊரைவிட்டு அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிப் போய்விடவேண்டும் என்றார்கள். பெற்ற பிள்ளையைத் தின்ற வழக்கத்துக்கு ஊரே கூடிச் சோறு ஊட்டுகிறதே என்று ஆத்திரம் தாங்கவில்லை.

பன்றிகள் தீரவில்லை. ராகிக் காட்டிலும் இறங்கின. அடுத்த வேட்டைக்கு நாள் குறித்தார்கள். ராகி அறுப்பும் அதே நாளில்தான். ஆண்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் தண்ணீர்த் துறையில் பேசிக்கொண்டோம். வேட்டைக் காலையில் கோயில் வாசலில் வலை விரித்துக் கிடந்தது. தடி ஊன்றி இருசாயி முன்னால் நடக்க, நாங்கள் அத்தனை குழந்தைகளையும் கொண்டுபோய் அந்த வலைமேலேயே இறக்கிவிட்டோம். தவழ்கிறது வலையின் கயிற்றைச் சப்பியது. சென்னம்மாளின் பேரன் தப்பின்மேல் ஏறிக் குதித்தான். இரண்டு பெண் குழந்தைகள் வலையைப் போர்த்திக்கொண்டு கல்யாணம் விளையாடின.

"என்னடி இது?" என்றார் அர்த்தனாரி.

"இன்னிக்குப் புள்ளைங்களுக்கு வெளையாட்டு இங்கதானுங்க. நீங்க வலை தூக்கிட்டுப் போற பக்கமெல்லாம் நாங்களும் இதுங்களைத் தூக்கிட்டு வாரோமுங்க. ஊட்டுல ஒன்னையும் உட்டுட்டு வரல" என்றாள் இருசாயி.

அவர் ஈட்டிக் காம்பால் அவள் தலையில் அடித்தார். விழுந்தாள். எழுந்து மறுபடி வலைமேல் உட்கார்ந்தாள். இன்னொரு அடி. இந்த முறை முழங்காலில் எழுந்தாள். நெற்றி ரத்தம் மூக்கு வழியாக வழிந்து, மடியிலிருந்த குழந்தையின் தலையில் சொட்டியது. அதைச் சேலையால் துடைத்துவிட்டாள். நாங்கள் அருவாள்களை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றோம். அர்த்தனாரி மூன்றாவதாக ஓங்கியிருந்தால் அவர் கை அங்கேயே விழுந்திருக்கும். என் பிள்ளை போய்விட்டது. நான் அங்கே நின்றது மற்றவர்களின் பிள்ளைகளுக்காக.

"வடக்குச் சரிவுல கட்டறோம்."

சொன்னது மாதன். கையில் கட்டுப் போட்டிருந்தான். குரல் அவனுக்கே கேட்காததுபோல வந்தது. அர்த்தனாரி திரும்பிக் கையிலிருந்த காம்பை அவன் முகத்தில் இறக்கினார். பல் உடைந்து விழுந்தது. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வடக்குச் சரிவுல கட்டறோமுங்க. புள்ளைங்க அங்க வரவேண்டாம்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். அவர் அடிக்க அடிக்கக் கத்தினான். பிறகு சென்னம்மாளின் மகன் கருப்பண்ணன் அதையே சொன்னான், அவனைப் பார்த்து இன்னொருவன் சொன்னான். அர்த்தனாரி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

இருசாயி தடியை ஊன்றி எழுந்தாள். அம்மாக்களைப் பார்த்து, "தெக்க மூங்கில் மேட்டுக்குப் போறோம். தூளித் துணியை எடுங்கடி" என்றாள்.

உடைந்த வாயோடு மாதன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. மூன்று வார்த்தை. அதைச் சொன்னதற்கு ஒரு பல் போனது, அவ்வளவுதான். அன்றைக்கும் இதே வாய்தானே அவனுக்கு இருந்தது? வலைமேல் அழுதுகொண்டிருந்த யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நடந்தேன்.