முகமூடிக்கு அடியில் வரைந்த முகம்

ஆண்டுதோறும் டிசம்பர் பதினாறாம் தேதி மாலை ஏழு மணிக்கு, சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தின் சுவரிலிருக்கும் பன்னிரண்டு பேரும் இறங்கிக் கேரல் பாடப் போகிறார்கள். எட்டு மாலை பாடிவிட்டு, இருபத்துநான்காம் தேதி காலை திரும்பிவிடுவார்கள். அதுவரை சுவர் வெறும் சுண்ணாம்பாக நிற்கும். முதல் வருடம் சுற்றுப்பயணிகள் ஏமாந்தார்கள். இப்போது வெற்றுச் சுவருக்கு முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் எதன் முன்னால்தான் எடுக்கவில்லை.

வரைந்தவன் தயாளன். கலை விழாவுக்காக, 1991இல் எடுத்த ஒரு கேரல் குழுவின் போட்டோவைப் பார்த்து வரைந்தான். நடுவில் நிற்கும் குழுத் தலைவர் பாக்கியசாமியின் கையிலிருந்த வீட்டுப் பட்டியலைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாக எழுதிவிட்டான். அதனால் அவர்கள் எட்டு நாளும் அந்தப் பழைய முகவரிகளுக்கே போகிறார்கள். அவற்றில் ஒன்று இப்போது ஹோட்டல், ஒன்று காப்பிக் கடை. நான்காவது வீடு சிக்கந்தரின் நாணய மாற்றுக் கடை. பாட வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று சிக்கந்தரும் தே ஓ என்கிற பாலில்லாத டீ வாங்கி வைத்தார். அவர்கள் குடித்து வைத்த கிளாஸ்களில் தே ஓ ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது.

அந்த நான்காவது வீட்டில்தான் ஐரீன் பிறந்தாள். இப்போது ஆயர் ஈத்தாமில் ஆசிரியை. படத்தில் கிறிஸ்மஸ் தாத்தா வேடத்தில் இருப்பது அவளுடைய அண்ணன் டெரன்ஸ். போட்டோ எடுத்த மறுமாதம் கெப்பாலா பத்தாஸ் சாலையில் மோட்டார் விபத்தில் போய்விட்டான். அவனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. வீட்டிலிருந்த அவன் படங்களையெல்லாம் 2017 வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சியது இந்த ஒன்றுதான், அதிலும் முகமூடி.

முதல் வருடமே, அந்தக் குடும்பத்தைத் தெரிந்த சிக்கந்தர் அவளுக்குப் போன் செய்தார். "அக்கா, உங்க அண்ணன் நேத்து கடைக்கு வந்தாரு லா. நல்லா ஆடுனாரு. பேசத்தான் இல்ல."

அன்று மாலையே ஐரீன் போய்க் காத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் அவன் முகமூடியைத் தூக்கினாள். உள்ளே சுவர் இருந்தது. சுண்ணாம்பு, அதில் மெல்லிய விரிசல் ஒன்று. கிறிஸ்மஸ் தாத்தா அவளைக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவள் தயாளனைத் தேடிப் போனாள்.

"முகமூடியத்தாங்க்கா போட்டோல பாத்தேன். உள்ள இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க, வரைஞ்சிடுறேன்."

புருவத்தில் ஒரு தழும்பு என்றாள். மூக்கு எப்படி என்று கேட்டான். சொல்ல வரவில்லை. வாய் எப்படி என்பதும் நினைவுக்கு வரவில்லை. முப்பது வருடமாக ஜெபத்தில் நினைத்துவந்த முகம் எப்போதோ அழிந்துபோனதை அன்றுதான் கண்டாள். அவமானமாக இருந்தது, அழுதாள். தயாளன் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து அவள் முகத்தையே வரைந்தான். பிறகு அதில் வயதைக் குறைத்துத் தழும்பைச் சேர்த்தான். ஜனவரியில் சுவரின் முகமூடியைச் சுரண்டி, அந்த முகத்தைத் தீட்டிக் காயவிட்டு, அதன் மேல் மறுபடி முகமூடியை வரைந்தான்.

அடுத்த டிசம்பரில் கிறிஸ்மஸ் தாத்தா தே ஓ குடிக்கத் தானே முகமூடியைத் தலைக்கு ஏற்றினான். அது டெரன்ஸின் முகம்தானா என்று ஐரீனால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவன் முகம்.

"ஆண்ட்டி, இந்த வீட்டுல ஐரீன்னு என் தங்கச்சி இருப்பா. எங்க அவ?"

ஐரீன் தெருப் பக்கம் கை காட்டினாள். "கோயிலுக்குப் போயிருக்கா. வந்துருவா."

பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தான். "அண்ணன் குடுத்தேன்னு சொல்லிக் குடுத்துடுங்க."

மிட்டாயில் பெயிண்ட் வாடை அடித்தது. கடை வாசலிலேயே நின்று முழுவதையும் தின்றாள்.

இப்போது எட்டு மாலையும் போகிறாள். தங்கை ஒரு நாள் டியூஷனில் இருக்கிறாள், ஒரு நாள் தூங்கிவிட்டாள், ஒரு நாள் அம்மாவுடன் பசாருக்குப் போயிருக்கிறாள். அவனும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். போன மாதம் சுவரைப் பழுதுபார்க்க வந்த தயாளன், கிறிஸ்மஸ் தாத்தாவின் பையை எட்டிப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தான். மிட்டாய் மூன்றுதான் மிச்சம் என்றான்.

"பை நிறைய வரைஞ்சிடு தம்பி," என்றாள் ஐரீன்.

அவன் வரைந்தான்.