கோபம் என்று குறித்த வரி

தென்னூர் அலுவலகத்தில் என் வேலை, வாடிக்கையாளர் கருத்துகளில் கணினி கண்ட உணர்ச்சி சரியா என்று பார்ப்பது. மெஸ் ஒன்றைப் பற்றி ஒரு வரி வந்தது: "பாவி மனுஷன், இப்படிச் சமைச்சா எப்படிங்க ஊருக்குக் கிளம்புறது?" கணினி 'பாவி'யை மட்டும் பார்த்துக் கோபம் என்றிருந்தது. பிரியம் என்று திருத்தினேன்.

பல வருடம் கழித்துப் பழைய தோழி வேணி அனுப்பிய செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. "மூதேவி, உயிரோட இருக்கியா? சனிக்கிழமை ஸ்ரீரங்கம் வரேன்." முதல் சொல்லிலேயே சுருங்கிப் போயிருந்தேன்.

கல்லூரி நாட்களில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்து பஸ் ஏறி, கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடிப்பாள். "ஏறித் தொலைடி ஷாஜியா" என்று கத்துவாள். அவள் நின்றுகொண்டே வருவாள். அந்தக் குரலில் செய்தியை மறுபடி படித்தேன்.

"சாப்பாடு எங்க வீட்டுலதான். லேட்டா வந்தே, கொன்னுடுவேன்" என்று எழுதினேன்.